காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது

அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது வந்து நின்று, "இதை நான் எப்போடி சொன்னேன்? எங்க எழுதியிருக்கு, காட்டு" என்று கேட்பாள். காட்ட என்னிடம் ஒன்றும் கிடையாது, எல்லாம் ஞாபகம்தான். ஞாபகத்தை அவள் ஒரு சாட்சியாகவே மதித்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்தோம். பழைய பேட்டரியை உடைத்து, ஈயத்தை உருக்கி, புதுசுக்குத் தகடு வார்க்கிற கம்பெனி. கல்கத்தா ரோட்டைப் பார்த்தபடி ஆபீஸ், பின்பக்கம் உலை. ஆபீசில் ஒரு ஹால் முழுக்கக் கம்ப்யூட்டர். வெளிநாட்டில் யாரோ ஓட்டி முடித்துத் தள்ளிவிட்டதை எங்கள் முதலாளி வாங்கி வந்திருந்தார். அதற்கு ஏ.சி. போட்டிருந்தார்கள், அதன் புண்ணியத்தில் எங்களுக்கும் கொஞ்சம் காற்று வந்தது. நான் கம்ப்யூட்டர் படிக்கிற அட்டையில் ஓட்டை போடும் பஞ்ச் ஆபரேட்டர். எளாவூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் பார்க்கிற அய்யங்கார் வீட்டுப் பெண், கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க கும்மிடிப்பூண்டியில் ஒரு டீச்சரோடு அறையில் தங்குவாள், சனிக்கிழமை ஊருக்குப் போவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன்.

புரோகிராம் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் எனக்கு அவள்தான் ஒரு மாதிரி புரியவைத்தாள். பெரிய வேலையை யாரும் ஒரே மூச்சில் எழுத மாட்டார்கள். சின்னச் சின்ன வேலையாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, தனித்தனி அட்டைக்கட்டாக எழுதிவைப்பார்கள். ரொட்டீன் என்று சொல்வோம். பெரிய புரோகிராம் ஓடிக்கொண்டே வந்து, வேண்டிய இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டதும் மெஷின் அந்த ரொட்டீன் எழுதியிருக்கும் இடத்துக்குப் போய், வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வரும். மெஷினுக்கு இடம் தெரியும். மனுஷருக்குத்தான் தெரியாது. எங்களிடம் இருந்ததில் பாதிக்கு மேல் வேலையை விட்டுப் போனவர்கள் எழுதியது. எங்கே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது.

மற்றவர்கள் பெயரைப் பார்த்தே ஊகித்துக்கொள்வார்கள். லீவு என்று பெயர் இருந்தால் லீவைக் கணக்குப் பார்க்கும், வேறு என்ன செய்யப்போகிறது என்பார்கள். அவள் அப்படி விடமாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அச்சடித்த காகிதத்தை ஹால் நெடுகப் பாயாக விரித்துப் போட்டு, ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு தேட ஆரம்பிப்பாள். கூப்பிட்ட இடத்தில் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிச் செருகுவாள். எழுதியிருக்கும் இடம் கிடைத்தால் அங்கே ஒன்று. அதற்குள் இன்னொரு ரொட்டீனைக் கூப்பிட்டிருந்தால் அதையும் தேடிப் போவாள். வேலை முடிவதற்குள் கொண்டை அவிழ்ந்து தோளில் கிடக்கும். மேனேஜர் உள்ளே வந்தால் காகிதத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மனுஷரிடமும் அதே புத்திதான். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "எங்காத்துல மாட்டுப்பொண் வேலைக்குப் போற வழக்கமில்லை" என்றாராம். "யார் ஆரம்பிச்ச வழக்கம்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். மாமியார், மாமியாரின் மாமியார் என்று ஒவ்வொருவராகப் பின்னால் போய், கடைசியில் அந்த வீட்டில் முந்தின தலைமுறையில் இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் என்று தெரியவந்ததாம். சம்பந்தம் அத்தோடு போயிற்று. "உங்களுக்கு வாய் அடங்காதா அக்கா?" என்றேன். "நான் வாயே காட்டலை எஸ்தர். எங்க ஆரம்பிச்சதுன்னுதானே கேட்டேன்?" என்றாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

இன்னொரு சமயம், கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. எனக்கு அதைச் சொன்னது கூட்டுகிற அம்மா. சாப்பாட்டு நேரத்தில் இவள் அந்த அம்மாவிடம் போய், "உங்களுக்கு யார் சொன்னா?" என்று ஆரம்பித்தாள். அங்கிருந்து கேன்டீன், கேன்டீனிலிருந்து லேத் பட்டறை, அங்கிருந்து கேட்டுக்கு வெளியே முடிவெட்டும் கடை. பொய் என்று நிரூபிக்கத்தான் கிளம்பினாள். கடைசியில் போய் நின்ற இடம் மேனேஜரின் டிரைவர். "ஐயாதான்மா கார்ல பேசிக்கினு வந்தாரு. நான் இன்னா, கத கட்டவா போறேன்?" என்றான். திரும்பி வந்து டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கருவாட்டைப் பிரித்தேன். எப்போதும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுவாள், அன்றைக்கு அதையும் செய்யவில்லை.

அந்தப் பேச்சால் யூனியன் கொதித்துப் போயிற்று. கம்ப்யூட்டர் ஹாலைப் பூட்டுவோம் என்று கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த மெஷின் உங்கள் சோற்றில் கைவைக்காது, உங்களுக்கு நியாயம் செய்யத்தான் வந்திருக்கிறது என்று காட்ட, பானை ஆட்களின் முறைப்பட்டியலை இனி கம்ப்யூட்டர் போடும் என்றார்.

பானை என்றால் ஈயம் உருக்கும் இடம். அங்கே அதிக நாள் நின்றால் உடம்புக்குள் ஈயம் ஏறிவிடும். முதலில் வயிற்றைப் பிடித்து முறுக்கும், ஈறில் நீலமாகக் கோடு விழும், அப்புறம் கை கால் விளங்காமல் போகும். அதற்காக நாலு மாதம் பானை, அடுத்த நாலு மாதம் வெளிவேலை என்று முறை வைத்திருந்தார்கள். தினம் ஒரு டம்ளர் பாலும் ஒரு துண்டு வெல்லமும் தருவார்கள், அது விஷத்தை முறிக்கும் என்று பேச்சு. அதுவரை முறையைப் போட்டது மேஸ்திரி. அவன் தெருக்காரனும் அவனுக்குக் கோழி கொண்டுபோய்க் கொடுத்தவனும் சீக்கிரம் வெளியே வருவார்கள். எங்கள் தெரு ஆட்கள், நேற்றுவரை நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், பானையிலேயே கிடப்பார்கள். எங்கள் நைனா அப்படிக் கிடந்துதான் போனார்.

யூனியன்காரர்களிடம் விளக்கிச் சொல்ல மேனேஜர் அவளை அனுப்பினார். அவள் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று, "பட்டியல் மெஷின்லேர்ந்து வரும். அப்படியே ஒட்டுவோம். மனுஷக் கை அதைத் தொடாது. என் கை உள்பட" என்றாள். கூட்டத்தில் நின்ற என் அண்ணன், அவனும் உலை ஆள்தான், முதல் ஆளாகக் கை தட்டினான்.

பானையில் ஒருவன் எத்தனை நாள் நின்றான் என்று எண்ணும் ரொட்டீனை அவளே எழுதினாள். முதலில் எழுதியதில் ஒரு குறை இருந்தது. 'தொடர்ந்து நாலு மாதம்' என்று மேலிடத்தில் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். நடுவில் ஒருவன் லீவு போட்டால் எண்ணிக்கை அறுந்து, திரும்பி வந்ததும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். லீவு போட்டால் மட்டும் ரத்தத்திலிருந்து ஈயம் இறங்கிவிடுமா என்று பிறகு அவளே கேட்டுக்கொண்டு, வேறு செக்‌ஷனுக்கு மாற்றினால் மட்டும் எண்ணிக்கை அறும்படி திருத்தி எழுதினாள். அதற்கு அட்டை குத்தியது நான்தான். சரிபார்த்து, ஓட்டிப் பார்த்ததில் பட்டியல் ஒழுங்காக வந்தது. ஜனங்கள் அவளைக் கண்டால் வழிவிட்டு நின்றார்கள். மேஸ்திரி காறித் துப்பினான்.

ஆவணியில் அண்ணனுக்குப் பானை முறை வந்தது. மார்கழியில் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. தையிலும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அவனுக்கு வயிற்றுவலி தொடங்கிவிட்டது. கம்பெனி டாக்டர் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் படுப்பான், எழுந்து போவான். "மெஷின் போட்ட லிஸ்ட்டும்மா, தப்பாவா இருக்கும்? நீ எண்ணறதுதான் தப்பு" என்று என்னையே மடக்குவான். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அண்ணி முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வலது கை மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கியது. மாசிப் பட்டியல் பலகையில் ஏறியிருந்தது. அதிலும் அவன் பெயர் பானைக்கு நேராகத்தான்.

நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் அலமாரியிலிருந்து அந்த ரொட்டீனின் காகிதத்தை எடுத்து வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். மேனேஜரும் வந்து எட்டிப் பார்த்தார். "காகிதத்துல சரியாத்தானே இருக்கு? அப்புறம் என்ன?" என்றார்.

"காயிதத்துல சரி. மெஷின் காயிதத்தையா படிக்கறது?" என்றாள்.

அவளுக்கு அப்போதே ஏதோ தட்டுப்பட்டுவிட்டது. மெஷினுக்குள் உண்மையில் எது ஓடுகிறது என்று அச்சடித்துப் பார்க்க இரண்டு மணி நேரம் கேட்டாள். மார்ச் மாதம், வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். ஏப்ரல் வரைக்கும் ஒரு நிமிஷம்கூடத் தர முடியாது என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

அவர் போனதும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, லிஸ்ட்டுல அண்ணன் பேரை மட்டும் பேனாவால அடிச்சிட்டு வெளிய போட்டுடுங்க. ஒரே ஒரு பேரு. யாரு கேக்கப் போறாங்க?"

"கூடாது எஸ்தர்."

"இன்னா கூடாது? அவன் கையப் போய்ப் பாருங்க. சோத்தப் பிசைய முடியல."

"இன்னிக்கு நான் பேனா எடுத்தேன்னா நாளைக்கு மேஸ்திரி எடுப்பான். கேட்ல நின்னு என்ன சொன்னேன்? அதை விடு. உங்கண்ணா பேரை மட்டும் எடுத்துட்டா, தப்பு அங்கயேதான் உக்காந்துண்டிருக்கும். இன்னும் யார் யார் மாட்டிண்டிருக்கான்னு எனக்குத் தெரியாதே. எங்கேர்ந்து வரதுன்னு பார்க்காம மேல பூசி மெழுகினா, அப்புறம் அது கண்ணுக்கே தெரியாது. எனக்கு ஒரு மாசம் குடு."

"நானா குடுக்கறேன்? அவன்தான் குடுக்கறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் நேராக மேனேஜரிடம் போய் நின்றேன். பட்டியலில் கைவைத்தால் யூனியன் கேட்டை மூடிவிடும் என்று பயந்து அவரும் கைவிரித்துவிட்டார். அண்ணனை வேலைக்குப் போகாதே என்று அண்ணி காலைப் பிடித்துக் கெஞ்சினாள். லீவு தீர்ந்துவிட்டது, இனி படுத்தால் வேலையே போய்விடும் என்று அவன் இடது கையால் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போனான்.

அந்த மாதம் முழுக்க நான் அவளை வெறுத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து அட்டை குத்துவேன், பேச மாட்டேன். அவள் தரையில் காகிதக் கடலுக்கு நடுவில் இருந்தாள். அந்த ரொட்டீனைக் கூப்பிடும் ஒவ்வொரு இடத்தையும் தேடிப் பின் குத்தினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் கூப்பிட்டிருந்தன. பிறகு காகிதத்தை எல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, பலகையில் ஒட்டிய பட்டியல்களைக் கொண்டுவந்து, பானை ஆட்கள் ஒவ்வொருவரும் எப்போது உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று பார்க்க ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் உலைப் பக்கம் போய் ஆட்களிடமே கேட்டுவருவாள். சேலைத் தலைப்பெல்லாம் சாம்பல் நிறத் தூசியோடு திரும்புவாள்.

ஒரு நாள் என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"லீவே போடாதவா எல்லாரும் நாலு மாசத்துல வெளில வந்துட்டா எஸ்தர். லீவு போட்டவாதான் உள்ள இருக்கா."

எனக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. லீவு போட்டது யார்? வயிறு வலித்தவன். வலித்தவன் படுத்தான், படுத்ததால் எண்ணிக்கை அறுந்தது, எண்ணிக்கை அறுந்ததால் திரும்பவும் பானைக்கே போனான். உடம்பு எவ்வளவு கெட்டதோ அவ்வளவு நாள் உள்ளே நிற்கவேண்டியது. மேஸ்திரிகூட இவ்வளவு அநியாயமாக ஒரு முறையை யோசித்திருக்க மாட்டான்.

அது அவளுடைய பழைய ரொட்டீன். திருத்தி எழுதியது காகிதத்தில் இருக்கிறது, திருத்தாதது மெஷினில் ஓடுகிறது. பழசு உள்ளே எப்படிப் போயிற்று என்பதுதான் மிச்சம். மெஷின் ஓட்டும் கஜேந்திரனைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அவன் நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாது.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. ரொட்டீன் எல்லாம் ஒரு டேப்பில் ஏற்றியிருக்கும், மெஷின் படிப்பது அந்த டேப்பைத்தான். வருஷத்துக்கு ஒருமுறை, விஜயதசமி காலையில், எல்லா அட்டைக்கட்டையும் மறுபடி படிக்கவைத்துப் புது டேப் எழுதுவோம். நல்ல நாளில் புதுசாகத் தொடங்கவேண்டும் என்பது மேனேஜரின் நம்பிக்கை. முதல் நாள் ஆயுதபூஜை. மெஷினுக்கு மாலை, பொரிகடலை, சுண்டல். கோயில் வீட்டுப் பெண் என்று அவளைத்தான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்வார்கள். அவளும் ஆசையாக வைப்பாள். பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது.

"மறுநாள் காத்தால அட்டை படிக்கற ரீடர்ல போட்டேன் மேடம். ஒரு கட்டு மட்டும் போவவே இல்ல, சிக்கிக்கிச்சு. சந்தனம் காஞ்சி அட்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சி. ஐயா தட்டுல கற்பூரத்த வெச்சிக்கினு நல்ல நேரம் போவுது, நல்ல நேரம் போவுதுன்னு நிக்கறாரு. அலமாரில அதே பேர்ல இன்னொரு கட்டு இருந்துச்சி. ஸ்பேருன்னு நெனச்சிக்கினு அதப் போட்டுட்டேன். அப்பாலிக்கா மாத்திக்கலாம்னு வெச்சேன், மறந்துட்டேன் மேடம்."

"நீ பேரைத்தானே பார்த்தே" என்றாள் அவள். திட்டுகிற குரல் இல்லை.

கட்டு வைக்கும் பெட்டியைத் திறந்து, ஒட்டிப்போன அந்தக் கட்டை எடுத்தாள். மேல் அட்டையில் சந்தனம் மஞ்சள் வட்டமாகக் காய்ந்து, நடுவில் குங்குமம் மங்கியிருந்தது. மற்ற கட்டுகளுக்கெல்லாம் பெட்டியின் மேல்தான் பொட்டு. இதற்கு மட்டும் பெட்டியைத் திறந்து அட்டையிலேயே வைத்திருந்தாள். அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பிடித்தது அதுதான் என்று எனக்குத் தெரியும். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தாள். அட்டை கிழிந்தது. "அப்போ எங்கிட்டேர்ந்துதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தூக்கப் போகவில்லை. தூக்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மேனேஜர் இதைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினார். "மெஷின் கோளாறுன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிடலாம்மா. அடுத்த லிஸ்ட் சரியா வந்துடும். பூஜை, சந்தனம் இதெல்லாம் எதுக்கு வெளில?" என்றார். அவள் கதவைத் திறந்துகொண்டு நேராகக் கேட்டுக்குப் போனாள். ஷிப்ட் மாறும் நேரம். இந்தத் தடவை ஸ்டூல் யாரும் கொண்டுவரவில்லை. தரையில் நின்றபடி, என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் யார் எவ்வளவு நாள் அதிகமாக நின்றார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னாள். கஜேந்திரன் பெயரைச் சொல்லவில்லை. சந்தனம் வைத்தது தன் கை என்று சொன்னாள்.

பின்னாலிருந்து ஒரு குரல், "நீங்க சாமி கும்புட்டதுக்கு எங்க கை போச்சாம்மா?" என்றது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடியைவிட மோசமாக இருந்தது. மேஸ்திரி முன்னால் வந்து, "நான் போட்டப்ப நியாயம் இல்லன்னீங்களே, இப்ப இன்னாத்த கண்டுட்டீங்க?" என்று கேட்டான். அவள் அதற்கும் தலையாட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் யூனியன் தலைவர், இனிமேல் டேப் எழுதும்போது எங்கள் ஆள் ஒருவன் பக்கத்தில் இருப்பான் என்றார். மேனேஜர் ஒத்துக்கொண்டார். சித்திரைப் பட்டியலில் பதினோரு பேர் பானையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் அண்ணனையும் இன்னொருவரையும் தவிர மற்றவர்கள் தேறிவிட்டார்கள். அந்த ஒன்பது பேரின் பெண்டாட்டிமார் அவளை நல்லவள் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அவள் பேச்சை எடுத்தால் அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எனக்கு இரண்டும் உண்டு. பேனா எடுத்திருந்தால் அண்ணனின் அந்த ஒரு மாதம் தப்பியிருக்கும், மற்ற பத்து பேரை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அவள் வேறு மாதிரி செய்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஒரு நாள் அவள் கிராம்பு டப்பியை நீட்டினாள், நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம்.

அண்ணனுக்குக் கை திரும்பவில்லை. பேக்கிங்கில் போட்டுப் பார்த்தார்கள், முடியவில்லை. பெரிய மனசு பண்ணி கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். காக்கிச் சட்டை, தொப்பி. ஆபீஸ் ஆட்கள் உள்ளே வந்தால் எழுந்து நின்று சல்யூட் வைக்கவேண்டும். அண்ணன் வைப்பான். முழங்கை மேலே போகும், மணிக்கட்டு வராது. கை நெற்றிக்குப் பக்கத்தில் தொங்கும்.

முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டிலேயே நின்றுவிட்டாள். நான் கூட இருந்தேன்.

"நீங்கோ எனக்கு இதெல்லாம் வெக்கவேண்டாம்" என்றாள்.

"டூட்டிம்மா" என்றான் அண்ணன்.

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான். வாட்ச்மேன்னா வெக்கணும்மா."

அவ்வளவுதான், கிளம்பிவிட்டாள். முதலில் செக்யூரிட்டி ஆபீசரிடம் கேட்டாள். அவர் ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசில் கேட்கச் சொன்னார். பர்சனல் ஆபீசில் கம்பெனி விதிகளெல்லாம் அடங்கிய நிலையாணைப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். வேலைக்குச் சேரும்போது வாட்ச்மேனுக்குக் கொடுக்கும் உத்தரவையும், கேட்டில் தொங்கும் பலகையையும் படித்தாள். எங்கிருந்து தொடங்கியது என்று பழைய வாட்ச்மேன் ஒருவரைத் தேடி சோழவரம் வரைக்கும் பஸ் ஏறிப் போய்வந்தாள். அவர் தனக்கு முன்னால் இருந்தவர் வைத்தார், அதனால் வைத்தேன் என்றாராம். இப்படி ஒரு வாரம் ஓடியது. அந்த ஒரு வாரமும் அவள் முகத்தில் பழைய களை இருந்ததை நான் கவனித்தேன். எப்படியாவது இதையாவது அவனுக்குச் செய்துவிடவேண்டும் என்று இருந்திருப்பாள் போல.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னையும் இழுத்துக்கொண்டு வேகமாக நடந்து அண்ணன் முன்னால் போய் நின்றாள். அவன் எழுந்து கையைத் தூக்கப் போனான்.

"வேண்டாம், வேண்டாம். நான் பார்த்துட்டேன். எங்கயும் எழுதலை. ஒரு புஸ்தகத்துலயும் இல்லை, ஒரு உத்தரவுலயும் இல்லை. யாரும் போடவே இல்லை அப்படி ஒரு ரூல். நீங்கோ வெக்க வேண்டியதே இல்லை."

அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தான். கேலி இல்லை, அவளுக்காகப் பரிதாபப்பட்டமாதிரி ஒரு சிரிப்பு.

"எழுதலன்னா இன்னாம்மா? வெக்கலன்னா கேக்கறாங்களே."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ரோட்டிலிருந்து மேனேஜரின் கார் திரும்பி ஹாரன் அடித்தது. அண்ணன் எங்கள் இருவரையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தான். கார் உள்ளே வந்ததும், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, நெற்றியில் வைத்துக்கொண்டு, அது போகும்வரை அப்படியே நின்றான்.